புப் ஹோட்டல்: வெந்நீர் ஊரில் தண்ணீர் விற்காத மாளிகை

ஜூலை வந்தால் செக் நாட்டின் கார்லோவி வாரி நகரிலிருந்து திரைப்பட விழாப் புகைப்படங்கள் வரிசையாக வரத் தொடங்கும். நடிகர் நடிகைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு வெள்ளைக் கட்டடம் தெரியும், ஆற்றோரம் அகலமாக விரிந்து, கூரையில் குமிழ் மாடங்களோடு. அதன் பெயர் கிராண்ட் ஹோட்டல் புப். 1960-களில் எடுத்த படமாக இருந்தால் அதே கட்டடத்தின் கீழ் 'மாஸ்கோ ஹோட்டல்' என்று எழுதியிருக்கும். 2006-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அது மாண்டினீக்ரோ நாட்டில் இருப்பதாகக் காட்டினார்கள். ஊருக்கும் இரண்டு பெயர். பழைய ஜெர்மன் நூல்கள் கார்ல்ஸ்பாத் என்று சொல்வது இதே கார்லோவி வாரியைத்தான்.

இது ஒரே கட்டடமா, பலவா என்ற குழப்பம் ஒருபக்கம். சுமார் 50 ஆயிரம் பேர் வாழும் ஒரு மலையிடுக்கு ஊரில் இவ்வளவு பெரிய ஹோட்டல் ஏன் என்ற கேள்வி இன்னொரு பக்கம். ஊரில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, நோயாளிகள் வந்தார்கள், அவர்கள் தங்க ஹோட்டல் கட்டினார்கள் என்று வழக்கமாகச் சொல்லிவிடுவார்கள். புப் விஷயத்தில் அது சரியில்லை. இந்த ஹோட்டல் தங்கும் விடுதியாகத் தொடங்கவில்லை. ஊற்றுத் தண்ணீரும் அதற்குச் சொந்தமில்லை. அது விற்றது வேறொன்று.

முதலில் தண்ணீர்

ஸ்பா என்றதும் நம் ஊரில் மசாஜ் நிலையம் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் ஸ்பா நகரம் என்பது கனிமம் கலந்த ஊற்றுநீரைச் சுற்றி, மருத்துவர் மேற்பார்வையில் வைத்தியம் நடக்கும் ஊர். பிராகிலிருந்து மேற்கே சுமார் 130 கிலோமீட்டரில் இருக்கும் கார்லோவி வாரியின் ஊற்றுகள் ஒரு குறுகலான பள்ளத்தாக்கில், டெப்லா என்ற சிற்றாற்றின் இரு கரைகளிலும் வெடித்துக் கிளம்புகின்றன. பெரிய ஊற்றான வ்ரீட்லோ சுமார் 73 டிகிரி செல்சியஸ் சூட்டில், 12 மீட்டர் உயரம் வரை பீய்ச்சி அடிக்கும். மற்றவை சின்னவை, சூடும் குறைவு.

இந்த நீரில் சோடியம், சல்பேட், பைகார்பனேட் உப்புகளும் கரியமில வாயுவும் இருக்கின்றன. வாயு வெளியேறியதும் கரைந்திருந்த சுண்ணாம்பு கல்லாகப் படியும். காகித ரோஜாவை இந்த நீர் சொட்டும் இடத்தில் வைத்தால் சில நாளில் அது செம்பழுப்புக் கல் ரோஜாவாகிவிடும். ஊரில் நினைவுப் பொருளாக விற்பது அதுதான். குழாய்களுக்கு உள்ளேயும் இதே படிவு சேர்வதால் பராமரிப்பு வேலை ஓய்வதில்லை.

வேட்டைக்குப் போன நான்காம் சார்லஸ் மன்னரின் நாய் வெந்நீரில் விழுந்து ஊளையிட்டதில் ஊற்று தெரியவந்தது என்பது ஊரின் தலபுராணம். மன்னர் 1370-இல் நகர உரிமை வழங்கியது மட்டும் வரலாறு.

இனி வருவதைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

1. ஊற்றுகள் எல்லாம் நிலத்தடியில் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆளுக்கொரு துளை போட்டால் எல்லோருக்கும் அழுத்தம் குறையும். எனவே தண்ணீர் எப்போதும் பொதுக் கட்டுப்பாட்டில் இருந்தது. தனி முதலாளி யாரும் ஊற்றை வளைத்துக்கொண்டு ஹோட்டல் நடத்த வழியில்லை.

2. குடிக்கும் நீர் நடைமண்டபங்களில் யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளக் கிடைத்தது. இன்றும் அப்படித்தான். கைப்பிடியே உறிஞ்சுகுழலாக அமைந்த தட்டையான பீங்கான் கோப்பையோடு வருகிறார்கள், குழாயில் பிடிக்கிறார்கள், உறிஞ்சியபடி நடக்கிறார்கள். தண்ணீருக்குக் காசில்லை, கோப்பைக்குத்தான் காசு.

மூலப்பொருள் எல்லோருக்கும் கிடைக்கும் ஊரில் ஒரு முதலாளி எதை விற்று முன்னேறுவார்? புப் குடும்பத்தின் கதை இந்தக் கேள்விக்குக் கிடைத்த ஒரு பதில்.

குளியலிலிருந்து குடிப்பதற்கு

ஆரம்ப நூற்றாண்டுகளில் இங்கே வைத்தியம் என்றால் குளியல்தான். தொட்டியில் மணிக்கணக்கில் ஊறவேண்டும். தோல் வெந்து புண்ணாகும் வரை ஊறினால்தான் நோய் வெளியேறும் என்று நம்பினார்கள். அப்படி ஊறிக் கிடக்கிறவருக்கு ஒரு தொட்டியும் படுக்கையும் போதும். நடன மண்டபம் எதற்கு?

1522-இல் வாக்லவ் பாயர் என்ற மருத்துவர், குளிப்பதோடு நீரைக் குடிக்கவும் செய்யலாம் என்று எழுதினார். பரிந்துரை நாளடைவில் மறுகோடிக்குப் போனது. ஒரே நாளில் பல பத்துக் கோப்பைகள் குடிக்கச் சொன்ன காலமும் வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் டேவிட் பெஹர் என்ற மருத்துவர்தான் அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்தார். அறையில் உட்கார்ந்து குடம் குடமாகக் குடிக்காதே, ஊற்றடிக்கே போய்க் கொஞ்சமாகக் குடி, குடித்துக்கொண்டே நட, சாப்பாட்டில் கட்டுப்பாடு வை என்பது அவருடைய முறை. கொதிக்க வைத்து எடுத்த ஊற்று உப்பைப் பொட்டலமாக வெளியூருக்கு அனுப்பும் வழக்கமும் அவர் காலத்தில் தொடங்கியது. (ஊரின் பெயர்போன மூலிகை மதுவான பெஹெரோவ்கா இவருடையது என்று சிலர் நினைப்பதுண்டு. அது 1807-இல் யோசெஃப் பெஹர் என்ற மருந்துக்கடைக்காரர் தொடங்கியது.)

மருத்துவக் குறிப்பாகப் படித்தால் இது சின்ன மாற்றம். ஊரின் பொருளாதாரத்துக்கோ இது தலைகீழ் மாற்றம். காரணங்கள் இவை:

1. நோயாளி தொட்டியை விட்டுத் தெருவுக்கு வந்தார். நடப்பதற்குப் பாதை, மழைக்கு ஒதுங்க மண்டபம், நடைக்குத் தோதாக இசை எல்லாம் தேவைப்பட்டன. 124 தூண்கள் கொண்ட மில் நடைமண்டபம் இந்தத் தேவையின் உச்சம். 1871 முதல் 1881 வரை அதைக் கட்டியவர் யோசெஃப் சீடெக்.

2. தண்ணீர் வைத்தியம் அதிகாலையில், வெறும் வயிற்றில் தொடங்கும். கடைசிக் கோப்பைக்குப் பிறகு இடைவெளி விட்டுத்தான் காலை உணவு. காத்திருந்து பசித்த கூட்டம் தினமும் ஒரே நேரத்தில் காபிக் கடை தேடியது.

3. காலை வேலை முடிந்தால் நாள் முழுக்கச் சும்மா. வைத்தியமோ வாரக்கணக்கில் போகும். படுத்துக் கிடக்கும் அளவுக்கு நோயும் இல்லை, ஊர் திரும்ப அனுமதியும் இல்லை, கையில் பணம் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் ஒரே தெருவில் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் சீட்டாட்டம், நடனம், கச்சேரி, பெண் பார்ப்பது, அரசியல் என எல்லாம் வரும். வந்தன.

இந்த மூன்றாவது காரணத்தைத்தான் பயணக் கையேடுகள் கண்டுகொள்வதில்லை. ஸ்பா நகரத்தின் உண்மையான சரக்கு ஓய்வுநேரம். தண்ணீர் அதற்கொரு கௌரவமான சாக்கு.

மண்டபம் முதலில், அறைகள் பிறகு

1701-இல் ஊர்த் தலைவர் டைமல் ஆற்றோரம் ஒரு மண்டபம் கட்டுவித்தார். சாக்சனியின் ஆட்சியாளரும் போலந்து மன்னருமான அகஸ்டஸ் இங்கே வைத்தியத்துக்கு வருகிறவர். அவரை மனதில் வைத்து எழுந்ததால் சாக்சன் மண்டபம் என்று பெயர். நடனத்துக்கும் விருந்துக்குமான இடம் அது. சில ஆண்டுகளில் பக்கத்திலேயே போட்டியாகப் பொஹீமிய மண்டபம் வந்தது (பொஹீமியா என்பது இந்த ஊர் இருக்கும் நிலப்பகுதியின் பழைய பெயர்). இன்றைய புப் ஹோட்டல் தன் வரலாற்றை இந்த 1701-லிருந்துதான் கணக்கிடுகிறது.

அப்படியானால் விருந்தினர்கள் எங்கே தூங்கினார்கள்? ஊர்க்காரர்களின் வீடுகளில். கார்ல்ஸ்பாத்தில் வீடுகளுக்குப் பெயரும் வாசலில் அடையாளச் சின்னமும் இருக்கும். வைத்திய காலத்தில் வீட்டுக்காரர் மாடியையோ கொல்லைப்புறத்தையோ பிடித்துக்கொண்டு நல்ல அறைகளை வாடகைக்கு விட்டுவிடுவார். தூங்க ஒரு வீடு, குடிக்க ஊற்று, மற்ற மனிதர்களைப் பார்க்க மண்டபம். இந்த மூன்றும் வெவ்வேறு இடங்கள். புப் குடும்பம் கால் வைத்தது மூன்றாவதில். நமக்குத் தெரிந்த அமைப்பில் சொன்னால், லாட்ஜைவிடக் கல்யாண மண்டபத்துக்குத்தான் இது நெருக்கம்.

மண்டபங்கள் இருந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். ஊற்றுகள் ஊரின் நடுவில். மண்டபங்களோ அங்கிருந்து 'பழைய புல்வெளி' எனப்படும் ஆற்றோரக் கடைத்தெரு வழியாக மேலே நடந்தால், பள்ளத்தாக்கு வளையும் முனையில். ஊற்றுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காமல் தள்ளிப்போனதாகத் தோன்றலாம். ஆனால் குடித்துவிட்டு நடக்கச் சொன்ன வைத்திய முறையில், நடை போய் முடிகிற இடம்தான் வியாபாரத்துக்குச் சரியான இடம்.

இந்த ஊரில் கூட்டம் கூடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகள்:

1812 ஜூலையில் வியன்னாவுக்கு அருகிலுள்ள பாடன் நகரம் தீயில் பெரும்பகுதி எரிந்தது. சில நாளில், ஆகஸ்ட் 6 அன்று, கார்ல்ஸ்பாத்தில் வைத்தியத்துக்கு வந்திருந்த பேத்தோவன், வயலின் கலைஞர் போலெட்ரோவுடன் சேர்ந்து நிவாரண நிதிக்குக் கச்சேரி செய்தார். இசைக் கலைஞர், பணக்கார ரசிகர், சும்மா இருக்கும் மாலைப்பொழுது எல்லாம் ஏற்கெனவே ஒரே இடத்தில் இருந்ததால் ஏற்பாடு சுலபமாக முடிந்தது.

1819 ஆகஸ்டில் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக், ஜெர்மன் அரசுகளின் அமைச்சர்களை இங்கே கூட்டினார். பல்கலைக்கழகங்களைக் கண்காணிக்கவும் பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை விதிக்கவும் முடிவானது. வரலாற்றுப் பாடத்தில் வரும் கார்ல்ஸ்பாத் ஆணைகள் இவைதான். கோடையில் பிரமுகர்கள் எப்படியும் இங்கே வருவார்கள். தனியாக மாநாடு கூட்டுகிறோம் என்ற பரபரப்பும் எழாது.

1874-இல் கார்ல் மார்க்ஸ் கல்லீரல் உபாதைக்காக மகள் எலியனாருடன் வந்தார். தங்கியது புப்பில் அல்ல, ஜெர்மானியா என்ற வீட்டில். விருந்தினர் பட்டியலில் தன்னை 'சார்லஸ் மார்க்ஸ், லண்டன்' என்று, தொழில் எதுவும் செய்யாத தனவந்தராகப் பதிந்துகொண்டார். போலீஸ் கண்ணில் படாமல் இருக்கத்தான். ஊர் வசூலிக்கும் விருந்தினர் வரி அந்தஸ்துக்கு ஏற்ப மாறும் என்பதால், இந்த வேடத்துக்காக அவர் இரட்டிப்பு வரி கட்ட வேண்டியிருந்தது. அதை எங்கெல்ஸுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த வரியில்தான் நடைபாதையும் வாத்தியக் குழுவும் நடந்தன.

மிட்டாய்க்காரர் வீட்டுக் கதை

யோஹான் கேயார்க் புப் பிராகுக்கு வடக்கே உள்ள வெல்ட்ருசியிலிருந்து வந்த இனிப்புப் பண்டக் கலைஞர். அந்த இடம் சோட்டெக் பிரபு குடும்பத்தின் மாளிகைக்குப் பெயர்பெற்றது. பிரபு வீட்டு இனிப்புக்காரர் என்ற தகுதி பிரபுக்கள் வரும் ஊரில் நல்ல சிபாரிசு. 1775-இல் பொஹீமிய மண்டபத்தில் ஒரு பங்கை வாங்கினார். பிறகு முழு மண்டபமும் குடும்பத்தின் கைக்கு வந்தது. அதன் முன்னால் இருந்த மரவரிசைச் சாலை 'புப் சாலை' என்றே அழைக்கப்படலாயிற்று. மர நிழலில் மேசை போட்டுக் காபியும் பலகாரமும் கொடுப்பது, உள்ளே மண்டபத்தில் நடனமும் கச்சேரியும் வைப்பது. பல தலைமுறைகளுக்கு மூலதனம் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கார்ல்ஸ்பாத் நீர் கல்லீரல், பித்தப்பைக் கோளாறுகளோடு சர்க்கரை நோய்க்கும் பேர்போனது. அந்த ஊரின் பெரிய ஹோட்டலுக்கு இருப்பதோ ஒரு மிட்டாய்க்காரரின் பெயர்.

ஒரு நூறு வருடத்துக்கு இந்தத் தொழில் மெதுவாகவே வளர்ந்தது. 1756-இல் ஊருக்கு வைத்தியத்துக்கு வந்தவை 134 குடும்பங்கள் என்பது பதிவு. குதிரை வண்டியில் மலைப்பாதை ஏறி வரக்கூடிய கூட்டம் அவ்வளவுதான். இந்த அளவுக்கு ஊர் வீடுகளே போதும்.

ரயில் செய்த வேலை

1870-இல் ஜெர்மன் எல்லைப் பக்கமுள்ள ஹெப் நகரிலிருந்து ரயில் பாதை வந்தது. அடுத்த ஆண்டு பிராகுடனும் இணைப்பு. கணக்கு மாறிவிட்டது. 1911-இல் வந்த வைத்திய விருந்தினர்கள் சுமார் 71,000 பேர்.

எண்ணிக்கையோடு ஆட்களின் வகையும் மாறியது. பிரபு வந்தால் சமையல்காரர், வேலையாட்களோடு வீட்டையே எடுத்துத் தங்குவார். ரயிலில் வந்தவர்கள் ஆலை முதலாளிகள், வக்கீல்கள், வெளிநாட்டு வியாபாரிகள். வேலையாள் படை அவர்களிடம் இல்லை. அதே சமயம் பிரபுபோல நடத்தப்பட வேண்டும் என்ற ஆசை உண்டு. அறை, சாப்பாடு, வரவேற்பு, நடன மண்டபம் எல்லாம் ஒரே கூரையின் கீழ், நாள் வாடகைக்குக் கிடைக்கும் அரண்மனை அவர்களுக்குத் தேவைப்பட்டது. கிராண்ட் ஹோட்டல் என்ற வகையே ஐரோப்பா முழுக்க இப்படிப் பிறந்ததுதான்.

புப் குடும்பம் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. 1890-இல் பழைய போட்டியான சாக்சன் மண்டபத்தையும் வாங்கியது. அக்கம்பக்கத்து மனைகளையும் சேர்த்துக்கொண்டு, வியன்னாவின் ஃபெல்னர்–ஹெல்மர் கட்டடக்கலை நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வேலை 1907-இல் இன்றைய உருவத்தை எட்டியது.

இந்தக் கூட்டாளிகளைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. ஃபெல்னரும் ஹெல்மரும் முக்கியமாக நாடக அரங்கக் கட்டடக்காரர்கள். வியன்னா முதல் ஒடெசா வரை அவர்கள் கட்டிய அரங்குகள் பல பத்து. இதே ஊரில் நகர நாடக அரங்கும், புப்பின் அண்டைக் கட்டடமான இம்பீரியல் குளியல் மாளிகையும் அவர்கள் கைவண்ணமே. அரங்கம் கட்டுகிறவருக்குத் தெரிந்த கலை, மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி இடம் அமைப்பது. அகலமான படிக்கட்டு, நின்று பேசத் தோதான முன்கூடம், எல்லாவற்றுக்கும் நடுநாயகமாகப் புதுப்பரோக் பாணியில் சரவிளக்கு தொங்கும் விழா மண்டபம். 200-க்கு மேல் அறைகள் இருந்தாலும் கட்டடத்தின் இதயம் அந்த மண்டபம்தான். 1701-இல் தொடங்கிய தொழில் பெரிய அளவில், உள்ளேயே படுக்கை வசதியோடு, அவ்வளவே.

ஏழு வருடம்தான் அந்தச் சந்தை நிலைத்தது. 1914-இல் போர் வந்துவிட்டது.

பணம் கட்டுகிறவர் மாறினால்

1918-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தது. ஜெர்மன் பேசும் இந்த ஊர் புதிய செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் வந்தது. பழைய வாடிக்கையாளர்களான ரஷ்யப் பிரபுக்கள் புரட்சியில் போனார்கள், வியன்னாக்காரர்கள் பணவீக்கத்தில் தேய்ந்தார்கள். ஆனால் கூடும் இடம் என்ற பெயர் போகவில்லை. உலக யூதத் தேசிய இயக்கத்தின் மாநாடுகள் 1921-இலும் 1923-இலும் இங்கே நடந்தன. வியன்னாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்து உடல் தேற சுபாஷ் சந்திர போஸ் 1935 கோடையில் வந்ததும் இந்த ஊருக்குத்தான்.

1938 ஏப்ரலில், நாட்டின் எல்லைப்புற ஜெர்மானியரின் கட்சியான சுடேட்டன் ஜெர்மன் கட்சியின் தலைவர் ஹென்லைன் தன்னாட்சிக் கோரிக்கைகளை அறிவித்ததும் கார்ல்ஸ்பாத்தில்தான். அக்டோபரில் ஜெர்மன் படை நுழைந்தது. நவம்பரில் ஊரின் யூத வழிபாட்டுக்கூடம் எரிக்கப்பட்டது. போர் முடிந்ததும் காற்று திரும்பியது. 1945 முதல் ஜெர்மன் பேசும் மக்கள் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஊரின் மக்கள்தொகையே மாறியது. ஹோட்டல் அரசின் கைக்குப் போனது. 1950-களின் தொடக்கத்தில் அதற்கு மாஸ்கோ என்று பெயர் வைத்தார்கள்.

இனி பணம் கட்டியவர் அரசு. ஸ்பாக்கள் பொதுச் சுகாதாரத் துறையின் பகுதியாயின. தொழிற்சங்கச் சீட்டோடு சுரங்கத் தொழிலாளி வந்தார், நட்பு நாட்டு அதிகாரிகள் வந்தார்கள். தண்ணீர் அதே தண்ணீர், நடையும் அதே நடை. கிராண்ட் ஹோட்டலுக்குத்தான் சிக்கல். தொழிலாளருக்கான சுகாதார நிலையமாக இருக்க அது தேவைக்கு மேல் ஆடம்பரம். ஆனால் மண்டபம் இருந்தது.

அதைக் காப்பாற்றியது சினிமா. திரைத்துறையை 1945-இல் நாட்டுடைமையாக்கிய செக்கோஸ்லோவாக்கியா அடுத்த ஆண்டே திரைப்பட விழா தொடங்கியது. முதலில் அண்டை ஸ்பா நகரமான மரியான்ஸ்கே லாஸ்னியும் கார்லோவி வாரியும் பகிர்ந்துகொண்டன, பின்பு கார்லோவி வாரியிலேயே நிலைத்தது. 1957-இல் ராஜ் கபூர் நடித்துத் தயாரித்த இந்திப் படத்துக்கு இங்கே முதல் பரிசு. 1958-இல் நர்கிஸுக்குச் சிறந்த நடிகை விருது. அப்போது விழாவின் மையம் மாஸ்கோ என்ற பெயரில் இருந்த இந்த ஹோட்டல்தான். விருந்தினரைத் தங்க வைத்து, விருந்து கொடுத்து, நூற்றுக்கணக்கானோரை ஒரே மண்டபத்தில் கூட்ட இதைவிட வேறிடம் ஊரில் இல்லை. 1959 முதல் விழா, மாஸ்கோ நகரில் நடக்கும் திரைப்பட விழாவுடன் மாறி மாறி, ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடக்க முடிந்தது. 1970-களின் பிற்பாதியில் தெர்மல் என்ற கான்கிரீட் உயர்மாடி ஹோட்டல் திரையரங்குகளோடு திறந்ததும் விழாவின் மையம் அங்கே நகர்ந்தது. மஹோனின் தம்பதியர் வடிவமைத்த அந்தக் கட்டடத்தைத் திட்டாத ஆளில்லை. எனக்கென்னவோ, அது புப்பின் நேர் வாரிசாகவே படுகிறது. அங்கும் கூடுமிடம்தான் பிரதானம், அறைகள் அதற்குத் துணை.

பெயர் திரும்பியது, சொத்து?

கம்யூனிஸ்ட் ஆட்சியை முடித்த 1989 புரட்சிக்குப் பிறகு மாஸ்கோ பலகை இறங்கி புப் பலகை ஏறியது. குடும்பமே திரும்பி வந்துவிட்டதாகப் பலர் எடுத்துக்கொள்வது இதனால்தான். சட்டம் வேறு மாதிரி.

1. கம்யூனிஸ்ட் ஆட்சி பறித்த சொத்துகளைத் திருப்பித் தர 1990-91-இல் சட்டங்கள் வந்தன. அவை பொதுவாக 1948 பிப்ரவரி 25-க்குப் பிறகு பறிக்கப்பட்டவற்றுக்கே பொருந்தும். அன்றுதான் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியை முழுமையாகப் பிடித்தது.

2. ஜெர்மன் பேசியவர்களின் சொத்து பறிபோனது அதற்கு முன்பே, 1945-இல் அதிபர் பெனெஷ் பிறப்பித்த ஆணைகளின்படி. தேதிக்கோட்டின் அந்தப் பக்கம் விழுந்ததால், எல்லைப்புற ஸ்பா நகரங்களின் பழைய உரிமையாளர்களில் பெரும்பாலோருக்கு வழி அடைபட்டது.

3. புப் ஹோட்டல் தனியார்மயமாக்கலில் பங்கு நிறுவனமாக மாறியது. பழைய பெயர் நிறுவனத்தின் பெயராக நிற்கிறது.

அந்தத் தேதிக்கோடு சரியா என்பது செக் அரசியலில் இன்றும் சூடு ஆறாத விஷயம். ஊரின் வரலாற்றைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டு, மிட்டாய்க்காரர் கதையிலிருந்து நேரே ஜேம்ஸ் பாண்டுக்குத் தாவுவது எனக்கு உவப்பாக இல்லை. விளம்பரக் கையேடுகள் அதைத்தான் செய்கின்றன.

இப்போது யார் பணம் கட்டுகிறார்கள்?

இன்றைய கார்லோவி வாரிக்கு வருமானம் வரும் வழிகள் பல, ஒவ்வொன்றுக்கும் ஒரு பலவீனம்.

மருத்துவக் காப்பீடு: செக் நாட்டில் மருத்துவர் பரிந்துரைத்தால் ஸ்பா வைத்தியச் செலவைக் காப்பீடு ஏற்கும். இது ஊரின் சிகிச்சை விடுதிகளுக்கு அடிப்படை வருமானம். அரசு விதியை இறுக்கினால் உடனே அடி. 2012-இல் அப்படி இறுக்கியபோது ஸ்பா நகரங்கள் எல்லாம் தள்ளாடின, பிறகு தளர்த்தினார்கள். புப் போன்ற ஹோட்டலுக்கு இந்த வழியில் பெரிய பங்கு கிடையாது.

ரஷ்ய விருந்தினர்: 1990-களிலிருந்து ரஷ்யர்கள் வைத்தியத்துக்கும் வீடு வாங்கவும் குவிந்தார்கள். கடைப் பலகைகளில் ரஷ்ய எழுத்து நிறைந்தது, மாஸ்கோவிலிருந்து நேரடி விமானம் வந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது படையெடுப்பு நடந்ததும் செக் அரசு விசாவை நிறுத்தியது. அதே ஆண்டு அக்டோபரில் ரஷ்யச் சுற்றுலாப் பயணிகளின் நுழைவையே தடுத்தது. கொரோனா முடக்கத்திலிருந்து எழுந்துகொண்டிருந்த ஊருக்கு அது இரண்டாவது இடி. இப்போது நம்பியிருப்பது பெரும்பாலும் உள்நாட்டவரையும் ஜெர்மானியரையும்.

பிம்பம்: 2006 பாண்ட் படத்தில் புப்பும் பக்கத்து இம்பீரியல் குளியல் மாளிகையும் வந்தன. 2014-இல் வந்த 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' என்ற இன்னொரு புகழ்பெற்ற ஹாலிவுட் படத்தின் கற்பனை ஹோட்டலுக்கு, இந்த ஊரின் பழைய வண்ணப் புகைப்படங்கள் தூண்டுதலாக இருந்தன. அதைப் படம்பிடித்தது ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரில். பெயரைப் பார்த்துப் புடாபெஸ்டில் தேடுகிறவர்களும் உண்டு. இந்தப் பிம்பத்தால் ஆட்கள் வருவார்கள், ஆனால் படம் எடுத்துக்கொண்டு மறுநாளே கிளம்பிவிடுவார்கள். மூன்று வாரம் தங்கும் வைத்திய விருந்தினருக்கு அவர்கள் ஈடாக மாட்டார்கள்.

யுனெஸ்கோ: 2021 ஜூலையில் 'ஐரோப்பாவின் மாபெரும் ஸ்பா நகரங்கள்' என்ற தலைப்பில் 7 நாடுகளின் 11 நகரங்கள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பாத், விஷி, பாடன்-பாடன் இவற்றோடு கார்லோவி வாரியும் ஒன்று. இதனால் பராமரிப்புக்குப் பணம் கொட்டும் என்று நினைப்பது தவறு. பட்டியல் தருவது பெருமையும் கட்டுப்பாடும். ஊற்று, நடைமண்டபம், நடைபாதை, ஹோட்டல், சுற்றியுள்ள காடு எல்லாம் சேர்ந்த அமைப்பாகத்தான் மதிப்பிட்டிருக்கிறார்கள். இனி இந்தப் பள்ளத்தாக்கில் உயரமாக எதையும் கட்டவோ பழைய முகப்பை இடிக்கவோ முனைந்தால், கேள்வி பாரிஸிலுள்ள யுனெஸ்கோ தலைமையகத்திலிருந்தும் வரும். கூரையிலிருந்து குழாய்வரை பழுதுபார்க்கும் செலவு மட்டும் உரிமையாளருடையது.

விழா நடப்பது ஜூலையில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல். மீதி ஆண்டுக்கு அந்தப் பெரிய மண்டபத்தை நிரப்ப வேண்டும். கச்சேரி, மாநாடு, நிறுவன விருந்து, குளிர்கால நடன விழா, திருமணம் என்று அதற்காக முன்பதிவு எடுப்பதுதான் ஹோட்டலின் விற்பனைப் பிரிவுக்கு அன்றாட வேலை. 1775-இல் பங்கு வாங்கிய இனிப்புக்காரருக்கும் இதே வேலைதான் இருந்திருக்கும்.